ஒற்றுமையான குடும்பத்துக்குத்தான் உயில் வேண்டும்

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் யாரிடமாவது உயில் பற்றிப் பேச்செடுத்தால் பதில் தயாராக இருக்கும். "நாங்க அண்ணன் தம்பி ஒத்துமையா இருக்கோம்ண்ணே. எழுதி வைக்கிறதெல்லாம் அடிச்சுக்கிற குடும்பத்துக்கு." சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும். கேட்டவருக்குத்தான் கூச்சமாகிவிடும், நல்லா இருக்கிற வீட்டில் போய்ச் சாவுப் பேச்சை எடுத்துவிட்டோமே என்று. தேவாரத்திலும் சின்னமனூரிலும் கம்பத்திலும் இதே பதில்தான். மலைக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருப்பவரும் இதைத்தான் சொல்கிறார், அடிவாரத்தில் ரெண்டு குறுக்கம் மானாவாரிக் காடு வைத்திருப்பவரும் இதைத்தான் சொல்கிறார். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம்கூட இல்லை.

இந்தக் கருத்தை நான் முழுசாக மறுக்கிறேன். எழுதி வைக்காமல் சாவதைப் பாசத்தின் அடையாளமாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த மௌனத்துக்கு விலை கொடுப்பவர்கள் யார் என்று பார்த்தால் வீட்டிலேயே ஆகப் பலவீனமானவர்கள்: புருஷனை இழந்த மனைவி, கட்டிக்கொடுத்த மகள், கை கால் முடியாத பிள்ளை, பிழைக்கப் போய் ஊரில் இல்லாத தம்பி. உள்ளூரில் இருக்கும் மூத்தவனுக்கு உயில் இல்லாததால் பெரிய நட்டமில்லை. பத்திரம் அவன் பீரோவில் இருக்கிறது, நிலம் அவன் உழவில் இருக்கிறது, வி.ஏ.ஓ. அவனுக்குப் பழக்கம். பேசாமல் விட்டுப்போகிற தகப்பன், தனக்குத் தெரியாமலே அவனுக்குச் சாதகமாக ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகிறார்.

எழுதினாலே சந்தேகம் என்று அர்த்தமாம். நம் மாவட்டத்தில் மொய் நோட்டு இல்லாத வீடு எது? கல்யாணமோ காதுகுத்தோ, வாசலில் மேசை போட்டு எழுத ஒருவர், பணம் எண்ண ஒருவர் உட்காருகிறார்கள். தாய்மாமன் செய்முறை தனிப் பக்கத்தில் ஏறும். மூலையில் மஞ்சள் தடவிய அந்த நோட்டைத் தலைமுறை கடந்தும் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுகிறோம். இருபது வருஷம் கழித்து அந்த வீட்டில் விசேஷம் வந்தால் நோட்டைப் புரட்டி, அவர் 51 ரூபாய் எழுதியிருக்கிறார், நாம் எவ்வளவு செய்ய வேண்டும் என்று கணக்குப் போடுகிறோம். இதை யாராவது சொந்தபந்தத்தின் மேல் சந்தேகம் என்று சொன்னதுண்டா? உறவு அறுந்துவிடக் கூடாது, வாங்கியதை மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறோம். 51 ரூபாய் மொய்க்கு எழுத்து வேண்டும், வீட்டுக்கும் காட்டுக்கும் கிணற்றுக்கும் வேண்டாம் என்பது என்ன நியாயம்?

இன்னும் சொல்லப்போனால் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கே ஒரு பத்திரத்தின் மேல் நிற்கிறது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு செய்துகொண்ட பெரியாறு குத்தகை 999 வருஷத்துக்கு எழுதப்பட்டது. நீர் தேங்கும் 8,000 ஏக்கருக்கு, ஏக்கர் ஒன்றுக்கு வருஷம் 5 ரூபாய். கையெழுத்துப் போட்டவர்கள் போய்விட்டார்கள், சமஸ்தானமும் இல்லை, வெள்ளைக்காரன் ஆட்சியும் இல்லை. 1970இல் துணை ஒப்பந்தம் போட்டபோதும், அதற்குப் பிறகு உச்ச நீதிமன்றத்தில் வாதாடியபோதும் தமிழ்நாடு எடுத்து வைத்தது அந்தத் தாளைத்தான். கூடலூர் தொடங்கி 14,707 ஏக்கரில் இருபோகம் விளைவது தண்ணீரால் மட்டுமல்ல, அந்தத் தண்ணீரை எழுதி வாங்கியதாலும்தான். 2015 ஜனவரியில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிறகு, அம்பரப்பர் மலையைக் குடைந்தால் நம் பிள்ளைகள் காலத்தில் தண்ணீர் என்னாகும் என்று கேட்ட ஊர் பொட்டிப்புரம். ஊருக்குப் பொதுவான மலையைப் பற்றி அவ்வளவு தூரம் யோசித்த மக்கள், தங்கள் சொந்த நிலம் நாளைக்கு யார் கையில் எப்படி இருக்கும் என்பதை மட்டும் யோசிக்கக் கூடாது என்று விலக்கி வைத்திருக்கிறார்கள்.

ஒற்றுமை என்கிறார்களே, அது யாருடைய ஒற்றுமை? அண்ணன் தம்பி மூன்று பேரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்களாகவே இருக்கட்டும். சொத்து கடைசியில் போய்ச் சேரப்போவது அவர்களிடம் இல்லை. அவர்களுடைய பிள்ளைகளிடம், மருமக்களிடம், பேரன் பேத்திகளிடம். ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், ஒருத்தி கட்டப்பனையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், ஒருவன் துபாயில். இவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதே வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்தால்தான். பெரியவர்களின் ஒற்றுமை இவர்களுக்குத் தானாக இறங்கிவிடாது. உண்மையில் உயில் எழுதச் சரியான நேரம் குடும்பம் ஒற்றுமையாக இருக்கும்போதுதான். பேச்சுவார்த்தை அறுந்த பிறகு எழுதுகிற உயில் அந்தச் சண்டையில் இன்னொரு ஆயுதமாகிவிடும்.

உயில் எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. இந்து ஆண் ஒருவர் எழுதாமல் இறந்தால் 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சமபங்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இப்போது ஒரு வீட்டைப் பாருங்கள். நாற்பத்தைந்து வயதில் நெஞ்சுவலியில் போய்விட்டார். மனைவி, இரண்டு பெண்கள், ஒரு பையன், அவருடைய அம்மா. ஆக, சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில் ஐந்து பங்கு. இரண்டு வருஷத்தில் அப்பத்தாவும் எழுதாமல் கண்ணை மூடினால், அவருடைய ஐந்தில் ஒரு பங்கில் பெரியப்பா, சித்தப்பா, அத்தை எல்லோரும் உரிமைக்காரர்கள். புருஷன் செத்த வீட்டில் மூன்று பிள்ளைகளோடு இருக்கும் பெண், அந்த வீட்டின் மேல் பாங்கில் கடன் வாங்கக் கொழுந்தனிடம் கையெழுத்துக் கேட்டு நிற்க வேண்டும். இதில் யாரும் கெட்டவர் இல்லை, எல்லோரும் ஒற்றுமையானவர்களே. ஆனாலும் அவள் நிற்கத்தான் வேண்டும். ராயப்பன்பட்டிக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி கணக்கு வேறு, மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. கம்பம், உத்தமபாளையம் ராவுத்தர் வீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் வசிய்யத், அதாவது உயில், செய்ய முடியும். ஆனால் எழுத வேண்டியதை எழுதாமல் இரண்டு இரவுகூடக் கழிக்காதே என்பது அவர்களுடைய மார்க்கத்தின் அறிவுரை. சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று நினைக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

ஒரு கூட்டுப் பட்டாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்த மௌனம் என்ன செய்கிறது என்று புரியும். எனக்குத் தெரிந்த ஒன்றில் ஒன்பது பேர். நாலு பேர் இப்போது உயிரோடு இல்லை. ஒருவர் பெயர் உ.டி.ஆர். நில அளவையின்போது தப்பாக ஏறியது, தகப்பன் பெயர் மாறிக் கிடக்கிறது. மூன்று ஏக்கர் சில்லறை நிலம், நடுவில் ஒரு கிணறு. கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறை என்பது எந்தத் தாளிலும் இல்லை, செத்துப்போன இரண்டு பேர் வாயில் இருந்தது. இலவச மின்சார இணைப்பு தாத்தா பெயரில், மோட்டார் பேரன் வாங்கியது. வண்டிப்பாதை ஒரு பங்காளியின் வரப்பு மேல் போகிறது, அவர் இருக்கும்வரை விட்டார், மகன் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டான். உட்பிரிவு செய்ய சர்வேயருக்கு மனுப் போட்டால் எல்லா உரிமைக்காரரின் சம்மதமும் கேட்பார்கள். இறந்த நாலு பேருக்கும் வாரிசுச் சான்றிதழ் வேண்டும், அதற்கு அவர்களுடைய இறப்புச் சான்று வேண்டும், ஒருவருடைய இறப்பு பதிவே ஆகவில்லை. உழுகிறவர் பெயரில் பட்டா இல்லாததால் வருஷத்துக்கு 6,000 ரூபாய் பி.எம். கிசான் உதவி கிடையாது, கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டா எங்கே என்கிறார்கள். அந்த ஒன்பது பேரில் யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. எல்லோரும் பேசாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

மலைக்கு மேலே நிலம் இருந்தால் இதுவே இரட்டிப்பு. போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் அந்தப் பக்கம் உடும்பஞ்சோலையில் ஏலத்தோட்டம் வைத்துக்கொண்டு இங்கே குடியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். அங்கே பட்டா மாறுதலுக்குப் பெயர் போக்குவரவு, மனு மலையாளத்தில், சட்டமும் வேறு. கூட்டுக்குடும்ப முறையையே ஒழித்த கேரளச் சட்டம் 1976 டிசம்பரில் அமலுக்கு வந்தது, அதற்கும் மகளுக்குப் பூர்விகச் சொத்தில் சமபங்கு கொடுத்த மத்திய அரசின் 2005 திருத்தத்துக்கும் உள்ள முரண் நீதிமன்றம்வரை போயிருக்கிறது. ஒரே தகப்பனின் சொத்தில் அடிவாரத்துக்கு ஒரு வழக்கு, மலைக்கு ஒரு வழக்கு என்று பிள்ளைகளை அலையவிடலாமா? செட்டில்மெண்ட் என்றால் நிலம் இருக்கும் எல்லைக்குள்தான் பதிய முடியும். உயிலை அப்படியல்ல, எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதியலாம். உடும்பஞ்சோலைத் தோட்டத்துக்கான உயிலைப் போடியிலேயே பதிந்துவிட்டு வரலாம்.

"வாய்ப்பேச்சாப் பிரிச்சு விட்டாச்சு, பெரிய மனுசங்க நாலு பேரு சாட்சி" என்பார்கள். 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதில் பாதியைத்தான் நாம் கேட்டோம், மகளுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு, 2005இல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்பதை. மறுபாதியும் முக்கியம். வாய்மொழிப் பாகப்பிரிவினை நடந்தது என்று சொன்னால் லேசில் ஏற்க முடியாது, அரசுப் பதிவுகளால் நிரூபிக்கப்படும் அபூர்வமான நேரத்தில்தான் அதற்கு இடமுண்டு என்றது அதே தீர்ப்பு. சாட்சி நின்ற நாலு பெரிய மனுசர்களும் மண்ணுக்குள் போன பிறகு அந்த வாய்ப்பேச்சுக்கு என்ன மதிப்பு?

மௌனத்தின் விலை என்ன என்பதைக் காட்ட அருணாச்சல கவுண்டர் – பொன்னுசாமி வழக்கைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியாது. இது நம் தமிழ்நாட்டு வழக்கு. மாரப்ப கவுண்டர் என்பவர் 1938இல் நீதிமன்ற ஏலத்தில் நிலம் வாங்கினார், தன் சொந்தப் பணத்தில். அவருக்கு ஒரே மகள், குப்பாயி அம்மாள். மகன் இல்லை. 1949இல் அவர் இறந்தார் என்று கீழ்க்கோர்ட்டு முடிவு செய்தது. எதிர்த்தரப்பு சொன்ன தேதி அது. வாதியின் தரப்போ 1957 என்றது. எந்த வருஷம் செத்தார் என்பதே வழக்கானதன் காரணம், 1956 சட்டம் இடையில் வந்துவிட்டதுதான். 1956க்கு முன்னால் செத்தவர் என்றால் நிலம் மகளுக்கா, அண்ணன் மகனுக்கா? மகள் குப்பாயி அம்மாள் 1967இல் பிள்ளையில்லாமல் இறந்தார். அண்ணனுடைய மகள்களும் பேரப்பிள்ளைகளும் யாருக்கு எத்தனை பங்கு என்று நின்றார்கள். 1991இல் வழக்குப் போடப்பட்டது. 1994இல் தள்ளுபடி. 2009இல் உயர் நீதிமன்றத்திலும் தள்ளுபடி. 2022 ஜனவரி 20 அன்று நீதிபதிகள் அப்துல் நசீரும் கிருஷ்ண முராரியும், தகப்பனின் சுயசம்பாத்தியச் சொத்து பழைய இந்து முறைப்படியும் மகளுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். மிதாட்சரம் என்ற பழைய சட்ட உரை நூல் முதல் முந்தைய தீர்ப்புகள்வரை அதற்காகப் புரட்ட வேண்டியிருந்தது.

மகள்களுக்குப் பெரிய வெற்றி என்று பத்திரிகைகள் எழுதின, சரிதான். எனக்கு மனசில் தங்கியது அந்தத் தீர்ப்பின் தலைப்பு. மேல்முறையீட்டாளர் பெயருக்குப் பக்கத்தில் ‘இறந்துவிட்டார், வாரிசுகள் மூலம்’ என்று போட்டிருக்கும். நிலம் வாங்கியவர் இல்லை, மகள் இல்லை, வழக்குப் போட்டவர் இல்லை, வழக்கை நடத்தியவரும் இல்லை. 1949க்கும் 2022க்கும் இடையே 73 வருஷம். மாரப்ப கவுண்டர் ‘என் ஆயுளுக்குப் பின் இந்த நிலம் என் மகளுக்கு’ என்று ஒரு வரி எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்கியிருந்தால் இந்த வழக்குக்கு வேலையே இருந்திருக்காது. அவர் மகள்மேல் பாசமில்லாதவராக இருந்திருக்க மாட்டார். நம்மைப் போலவே, எழுத வேண்டிய அவசியமில்லை என்று நினைத்திருப்பார்.

எதிர்க்கட்சியின் பலமான வாதம் இனிமேல்தான். உயில் எழுதிய வீட்டில்தான் கேஸ் நடக்கிறது என்கிறார்கள். அதோடு, உயில் என்பது பெண்களின் பங்கை வெட்டத் தகப்பன்மார் எடுக்கும் கத்தி என்கிறார்கள், குறிப்பாகப் பெண்ணுரிமை பேசும் நண்பர்கள். தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் மகளுக்குப் பூர்விகச் சொத்தில் சமபங்கு கொடுத்தது, நாடு முழுக்க அது வர 2005 ஆனது. சட்டம் கொடுத்ததை உயில் பிடுங்குகிறது, ஆகவே உயிலே வேண்டாம், சட்டப்படி விட்டுவிடுங்கள் என்பது அவர்கள் பேச்சு. இதில் உண்மை இருக்கிறது. சுயசம்பாத்தியத்தை மகனுக்கு மட்டும் எழுதி வைக்கும் தகப்பன்கள் நிறையப் பேர். பூர்விகச் சொத்தில் தன் பங்குக்கு மேல் யாரும் உயில் எழுத முடியாது என்றாலும், எழுதிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் உயில் எழுதாத வீட்டில் மகளுக்கு என்ன கிடைக்கிறது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பதினாறாம் நாள் காரியம் முடிகிறது. பந்தல் பிரிக்கும் முன்னே அண்ணன் ஒரு கட்டுப் பேப்பர் கொண்டு வருகிறார். விடுதலைப் பத்திரம். "ஒரு கையெழுத்துத்தானத்தா, பட்டா மாத்தணும்ல." கல்யாணத்துக்கு முப்பது பவுன் போட்டது, தலைப்பிரசவம் பார்த்தது, எல்லாம் பேச்சில் வரும். நாளைக்கு உன் மக சடங்குக்குத் தாய்மாமன் சீர் கொண்டு வர வேண்டாமா என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த வீட்டு வாசல் அடைந்துவிடும் என்ற பயத்தில் அவள் கையெழுத்துப் போடுகிறாள், அழுத கண்ணோடு, படிக்காமல். சட்டம் கொடுத்த சமபங்கு அந்த நிமிஷத்தில் சும்மா போகிறது. சட்டப்படி விட்டுவிடுங்கள் என்று சொல்கிறவர்கள், அவளைத் தனியாளாக அண்ணன்மார் முன்னால் கேட்டு வாங்கிக்கொள் என்று விடுகிறார்கள். தகப்பன் எழுதி வைத்திருந்தால் அவள் கேட்க வேண்டியதே இல்லை. கேட்டவள் என்ற பெயர் அவளுக்கு வராது, ‘அய்யா எழுதி வச்சிட்டுப் போயிட்டாரு’ என்று ஊரே சொல்லும். பங்கைவிட இந்தக் கவசம் பெரியது என்று நான் நினைக்கிறேன். மகளை வெட்ட நினைக்கும் தகப்பனும் தன் பெயரிட்டு, தன் கையெழுத்தில் அதைச் செய்ய வேண்டிவரும். இப்போது அந்த வேலையை மௌனம் அவருக்காகச் செய்துகொடுக்கிறது.

கேஸ் வரும் உயில்கள் எவை என்பதையும் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிப் படுக்கையில், ஒரு மகன் மட்டும் பக்கத்தில் இருக்கும்போது எழுதப்பட்டவை. மற்றவர்களுக்குச் சொல்லாமல் ஒளித்து வைத்தவை. 1958இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல்தான் இன்றைக்கும்: கையெழுத்தில் நடுக்கம், தளர்ந்த மனநிலை, லாபம் அடைகிறவரே முன்னின்று எழுதியது போன்ற ஐயங்கள் இருந்தால், உயிலைக் கொண்டுவருபவர்தான் அவற்றைத் தீர்க்க வேண்டும். ஆக, சிக்கல் உயிலில் இல்லை, கடைசி நேரத்தில் ரகசியமாக எழுதுவதில். நல்ல உடம்போடு ஐம்பது வயதில் எழுதி, பொங்கலுக்கு எல்லோரும் வந்திருக்கும்போது படித்துக் காட்டிய உயிலை மறுக்க ஒருவர் கோர்ட்டுக்குப் போவது அவ்வளவு சுலபமில்லை.

"எழுதிக் கொடுத்துட்டா நாளைக்குச் சோறு போட மாட்டாங்க." இந்தப் பயம் பொய்யில்லை. எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்த பெரியவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அது செட்டில்மெண்ட், உயில் இல்லை. செட்டில்மெண்ட் எழுதிய அன்றைக்கே சொத்து கைமாறிவிடும். உயில் சாகும்வரை வெறும் தாள், நினைத்தபோது மாற்றலாம், கிழித்துப் போடலாம், கடைசியாக எழுதியதே செல்லும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவுகூடக் கட்டாயமில்லை. உயிரோடு இருக்கும்போது பெரியவர்களின் பிடி தளராமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. முன்பே செட்டில்மெண்ட் எழுதிவிட்டவர்களுக்கும் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் வழி இருக்கிறது, உத்தமபாளையம் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, கவனித்துக்கொள்வான் என்ற நிபந்தனையோடு கொடுத்ததை ரத்து செய்யலாம். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் தானப் பத்திரத்தை உச்ச நீதிமன்றம் அப்படித்தான் ரத்து செய்தது, அவருடைய மகன் கவனித்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்திருந்தார். 2022இல் வேறொரு வழக்கில் நிபந்தனை இல்லை என்று தாயின் கோரிக்கை நிற்கவில்லை. இரண்டுக்கும் நடுவே இருந்தது எழுத்துதான்.

நம்மகிட்ட எழுத என்ன இருக்கு என்பதற்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. பாங்குப் புத்தகம், அடகுச் சீட்டு, எல்.ஐ.சி., ஓட்டு வீடு, இரண்டு மாடு, யாருக்கோ கொடுத்த கைமாற்று. பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடுகிறது. நாமினி போட்டிருக்கிறேன், போதாதா என்பவர்களுக்கு: நாமினி பொதுவாகப் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பவர்தான், சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். 1983இல் இன்சூரன்ஸ் பணத்துக்கும் 2023 டிசம்பரில் பங்குகளுக்கும் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது.

நல்ல உயில் எப்படி இருக்கும்? நான்கெல்லை எழுதுவது மட்டும் போதாது. கிணற்றில் நாலில் ஒரு பங்கு யாருக்கு, வியாழனும் வெள்ளியும் முறைத் தண்ணீர் யாருக்கு, மோட்டார் பழுதானால் செலவு எப்படி, கிழக்கு வரப்பில் வண்டிப்பாதை எத்தனை அடி, புளியமரத்து மகசூல் யாருக்கு. யாரிடம் எவ்வளவு கடன், எந்த நகை எந்தக் கடையில். பேச்சு வராத மகளை யார் வைத்துக்கொள்வது, அதற்கு எந்த நிலத்து வருமானம். மகளுக்குக் குறைத்தோ கூட்டியோ கொடுத்தால் ஏன் என்ற காரணம். மனைவிக்கு வீட்டில் ‘ஆயுள்கால அனுபவம்’ மட்டும் எழுதுவது நம் ஊர் வழக்கம், அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆயுள் உரிமையா முழு உரிமையா என்று 1977ஆம் ஆண்டுத் துளசம்மா தீர்ப்புக்குப் பிறகும் வழக்கு ஓயவில்லை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. முப்பது வருஷம் சேர்ந்து உழைத்தவளுக்கு வீட்டை முழுசாகவே எழுதுங்கள். மாதம் ஒரு மகன் வீடு என்று பையைத் தூக்கிக்கொண்டு அலையும் தாய்மார்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். வீடு தன் பெயரில் இருந்தால் பிள்ளைகள் அவள் வாசலுக்கு வருவார்கள்.

இதுவரை ஆண்களைப் பார்த்தே பேசிவிட்டேன். பெண்கள் உயில் எழுதுவது என்பது நம் பக்கத்தில் யோசித்தே பார்க்காத விஷயம். அவர்களுக்குத்தான் அது ஆக அவசியம். பிள்ளையும் புருஷனும் இல்லாத இந்துப் பெண் எழுதாமல் இறந்தால், 1956 சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி அவள் சொந்தமாகச் சம்பாதித்தது முதலில் போவது புருஷனின் வாரிசுகளுக்கு. அவர்கள் யாரும் இல்லாவிட்டால்தான் பெற்ற தாய் தகப்பனுக்கு. வட இந்தியாவில் நாராயணி தேவி என்பவருக்கு 1955இல் கல்யாணம், மூன்று மாதத்தில் புருஷன் பாம்பு கடித்துச் செத்தார், புகுந்த வீட்டில் விரட்டிவிட்டார்கள். தாய் வீட்டில் படிக்கவைத்தார்கள், வேலைக்குப் போனார், பணம் சேர்த்தார், 1996இல் எழுதாமல் இறந்தார். அந்தப் பணத்துக்கு அவருடைய தாயும், விரட்டிய வீட்டு நாத்தனாரின் பிள்ளைகளும் வழக்காடினார்கள். 2009 மே மாதம் உச்ச நீதிமன்றம் புருஷன் வீட்டாருக்கே கொடுத்தது. சட்டம் அப்படி இருக்கிறது, அனுதாபத்தால் மாற்ற முடியாது என்றது. 2025 நவம்பரில் அதே பிரிவு பற்றிய வழக்கில் நீதிபதிகள் நாகரத்னாவும் மகாதேவனும் பெண்கள் எல்லோரும், முக்கியமாக இந்துப் பெண்கள், உடனே உயில் எழுதிவிட வேண்டும் என்று வேண்டுகோள் விடுத்தார்கள். நாட்டின் உச்ச நீதிமன்றம் கெஞ்சாத குறையாகச் சொல்கிறது, பொட்டிப்புரத்தில் இன்னும் அது அபசகுனம்.

நூறு நாள் வேலைக் கூலியைச் சேர்த்துக் கம்மல் எடுத்த அக்காவுக்கும், குழுவில் கடன் வாங்கிக் கறவை மாடு பிடித்த மதினிக்கும், தாய் வீட்டில் கிடைத்த அரைக் குறுக்கத்தை யாருக்குக் கொடுப்பது என்று மனசுக்குள் மட்டும் வைத்திருக்கும் அப்பத்தாவுக்கும் செலவு பெரிதில்லை. வெள்ளைத்தாள் போதும். எழுதுகிறவர் யாராக இருந்தாலும் சரி, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பங்கு வாங்காத இரண்டு பேரை, உங்களைவிட வயதில் சின்னவர்களாகப் பார்த்து, சாட்சிக்குக் கூப்பிடுங்கள். நீங்கள் கையெழுத்து வைப்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு அவர்கள் வைக்க வேண்டும். முடிந்தால் உத்தமபாளையத்துக்கோ போடிக்கோ போய்ப் பதிந்துவிடுங்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி கைநாட்டும் செல்லும்.